அம்மாவின் முழங்காலும் திரைக்குப் பின்னால் மூன்று நிமிடமும்: டெல்லிக்கு எதில் போவது?

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முழங்கால்களிலும் உலோக மூட்டு. டெல்லியில் நர்ஸாக இருக்கும் தங்கைக்கு அக்டோபரில் பிரசவம். போவதில் அம்மாவுக்கு மறுபேச்சு இல்லை. கோட்டாறு சவேரியார் கோயில் கொடியேற்றத்துக்கு முன் நாகர்கோவில் திரும்பிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. டிசம்பர் 3-ஆம் தேதி முடியும் அந்தப் பத்து நாள் திருவிழாவில் ஒரு நாளைக்கூட அவர் விட்டதில்லை.

இழுபறி எல்லாம் எதில் போவது என்பதில்தான். "பிளேன் வேண்டாம் மக்களே, ரயிலில் டிக்கெட் எடு" என்கிறார். முழங்காலை மடக்கி உட்காரவே சிரமப்படுகிறவர் இரண்டு இரவு ரயிலில் கிடக்கத் தயார். மூன்றரை மணி நேர விமானத்துக்குத் தயாராக இல்லை. பறப்பதில் அவருக்குப் பயம் ஒன்றும் கிடையாது. ஜன்னல் ஓரம்தான் கேட்பார். அவர் பயப்படுவது ஏறுவதற்கு முன் நடக்கும் சோதனைக்கு.

சென்ற ஆண்டு வடக்கே ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது நடந்தது அது. எந்த ஊர் விமான நிலையம் என்பது வேண்டாம். பெண்களைச் சோதிக்கும் திரைத் தடுப்புக்குள் அம்மா போனார். அடுத்த தடுப்பில் நான். உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கைக்கருவி அம்மாவின் இரண்டு முழங்கால்களிலும் கத்தியது. "ஆபரேஷன், ஆபரேஷன்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. பதிலுக்கு ஹிந்தியில் ஏதோ வந்தது. திரைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதன் வழியாக அம்மாவின் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புடவைக் கரை முதலில் கணுக்காலுக்கு ஏறியது. பிறகு கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் கருவி மறுபடியும் கத்தியது, இம்முறை மார்பருகே. ரவிக்கையின் உள்பக்கம் ஊக்கில் கோத்து வைத்திருக்கும் சவேரியார் பதக்கம். அதைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் தட்டில் போடச் சொன்னார்கள். பாதி திறந்திருந்த திரைக்கு வெளியே வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் அந்தத் தட்டைப் பார்த்தார்கள்.

சோதித்த பெண் காவலருக்கு 25 வயது இருக்கலாம். முரட்டுத்தனமாக எதுவும் செய்யவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. ஆனால் அடுத்து என்ன செய்யப் போகிறார் என்பதை ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அம்மாவுக்குப் புரிந்திருக்காது. திருவனந்தபுரத்தில் இறங்கி, கார் நெய்யாற்றின்கரையைத் தாண்டும்வரை அம்மா வாய் திறக்கவில்லை. பிறகு சொன்னார்: "இந்தத் தழும்பை உன் அப்பாவே சரியாகப் பார்த்ததில்லை."

அதனால் இந்த ஒப்பீட்டைக் கட்டணத்தில் இருந்தோ நேரத்தில் இருந்தோ தொடங்க எனக்கு மனமில்லை. எந்த வழியில் போனால் அம்மா கூனிக்குறுகாமல் போய்ச் சேர்வார் என்பதுதான் என் அளவுகோல். எங்கள் குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ஆனால் வளைகுடாவுக்குக் கடல்தொழிலுக்குப் போகிறவர்கள், வெளிநாட்டு மருத்துவமனைகளில் நர்ஸாக இருப்பவர்கள், அவர்களைப் பார்க்கப் போகும் அம்மா அப்பாக்கள் என்று விமானம் ஏறுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. முழங்கால் மாற்றிக்கொண்டவர்களுக்கும் பஞ்சமில்லை. யாருக்காவது உதவலாம்.

தொட்டுப் பார்ப்பது ஏன்

சோதனையே கூடாது என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. 1985 ஜூனில் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேல் வெடித்து 329 பேர் இறந்தார்கள். 1999 டிசம்பரில் காத்மாண்டுவில் இருந்து கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தைக் கந்தகாருக்குக் கடத்திக்கொண்டு போனார்கள். அதன் பிறகுதான், 2000-ஆம் ஆண்டில் இருந்து, விமான நிலையங்களின் காவல் ஒவ்வொன்றாக மாநிலப் போலீஸிடம் இருந்து மத்திய தொழில் பாதுகாப்புப் படைக்கு மாறியது. அந்தத் திரைக்குள் நிற்கும் பெண்ணின் வேலை எனக்குப் புரிகிறது. நாள் முழுக்க நின்றபடி ஆயிரம் உடம்புகளைத் தடவிப் பார்க்கும் வேலையை யாரும் ஆசைப்பட்டுச் செய்வதில்லை.

ஆனால் நம் நாட்டு முறைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. பல நாடுகளில் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் வாசலைக் கடக்கும்போது சத்தம் வராவிட்டால் பெரும்பாலானவர்கள் நேராகப் போய்விடலாம். இங்கே வாசல் கத்தினாலும் கத்தாவிட்டாலும் எல்லோரையும் கருவியாலும் கையாலும் சோதிக்கிறார்கள். பெண்களைப் பெண் காவலர்கள்தான் சோதிக்க வேண்டும், அதுவும் மறைப்புக்குள். ஆண்களுக்கு நாலு பேர் பார்க்க ஒரு மேடைமேல். முகத்தைக் காட்டி உள்ளே நுழையும் டிஜியாத்ரா வந்துவிட்டதே என்று சிலர் கேட்கிறார்கள். அது அடையாள அட்டையையும் டிக்கெட்டையும் காட்டும் வேலையைத்தான் குறைக்கிறது. உடல் சோதனையை அது தொடவே இல்லை.

ஆண்களுக்குக் கூச்சம் இல்லை என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. பிராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர்ப் பையோடு பயணம் செய்த என் மாமா, அந்த மேடைமேல் ஒரு கை பையை அழுத்தியபோது பட்டதை வீட்டில் மாமியிடம் மட்டும் சொன்னார். மாமி எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அடுத்த பயணத்தில் மாமா மேடையில் ஏறும் முன்பே காவலரிடம் சொன்னார். அவரைத் தனியாக அழைத்துப் போய்ப் பார்த்து அனுப்பினார்கள்.

இந்த மண்ணில் ஆடைமேல் அதிகாரத்தின் கை படுவதற்கு வேறொரு கனமும் உண்டு. இன்றைய குமரி மாவட்டம் தெற்குத் திருவிதாங்கூராக இருந்த காலத்தில், தோள்சீலை அணிந்த நாடார் பெண்களின் துணியைச் சந்தையிலும் தெருவிலும் கிழித்தெறிந்தார்கள். பல பத்தாண்டுகள் நீண்ட அந்தப் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலையில் மார்பை மறைக்க அனுமதி தந்து அரசாணை வந்தது; அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு வால் இருந்தது. அன்றைய கொடுமையையும் விமான நிலையக் காவலரின் கடமையையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். ஆனாலும் சீருடை அணிந்த ஒருவர் 'முந்தானையை எடு' என்று கை காட்டும்போது எங்கள் பாட்டிமார் சொன்ன கதைகள் எனக்குள் ஒரு கணம் அசைகின்றன.

ரயில்: அம்மாவின் கட்சி

கன்னியாகுமரியில் இருந்து ஹஸ்ரத் நிஜாமுதீனுக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரத்தில் இரண்டு நாள் போகிறது. நாகர்கோவிலில் ஏறிப் படுத்தால் டெல்லி போய் எழுந்திருக்கலாம் என்பது அம்மாவின் வாதம். எழுந்திருக்க இரண்டு இரவும் இரண்டு பகலும் ஆகும் என்பதை அவர் சொல்வதில்லை.

ரயிலில் யாரும் அவரைத் தொடப் போவதில்லை. சில பெரிய நிலையங்களில் பெட்டியை ஸ்கேனருக்குள் விடச் சொல்வார்கள், அவ்வளவுதான். வயதான பெண் என்பதால் கீழ்ப் படுக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள்; இருந்தாலும் விமானத்தைவிடச் செலவு குறைவுதான்.

ஆனால் கண்ணியத்தைக் கணக்கிடும்போது கழிப்பறையை விட்டுவிட முடியுமா? அம்மாவால் குத்துக்காலிட்டு உட்கார முடியாது. மேற்கத்தியக் கழிப்பறை வேண்டும், அது காலியாக இருக்க வேண்டும், ஓடும் வண்டியில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். இரண்டாம் நாள் மத்தியப் பிரதேசத்தைத் தாண்டும்போது அது எந்த நிலையில் இருக்கும் என்பதைப் போனவர்கள் அறிவார்கள். அம்மா இதற்குக் கண்டுபிடித்திருக்கும் வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. சென்னைக்குப் போகும் ஓர் இரவுக்கே அப்படிச் செய்து மறுநாள் தலைசுற்றி உட்கார்ந்தவர். தவிர, எதிர்ப் படுக்கையில் முன்பின் தெரியாத ஆண்கள் இரண்டு நாள். புடவை மாற்ற இடமில்லை. இரவில் நடுப் படுக்கையைத் தூக்கி மாட்டிவிட்டால் நிமிர்ந்து உட்காரவும் இடமில்லை.

"அதெல்லாம் கஷ்டம். இது அவமானம்" என்றார் அம்மா. கஷ்டத்துக்கும் அவமானத்துக்கும் அவர் போட்ட கோடு எனக்குப் புரிகிறது. கஷ்டம் எல்லோருக்கும் சேர்த்து வருகிறது. திரைக்குள் நடந்தது அவருக்கு மட்டும் நடந்தது.

சுற்றி வளைத்துப் போகும் விமானங்கள்

தூத்துக்குடி வாகைக்குளத்தில் இருந்தோ மதுரையில் இருந்தோ போகலாமே என்று அண்ணன் கேட்டான். நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர். வாகைக்குளம் அதைவிடத் தூரம், மதுரை இன்னும் தூரம். அதுகூடப் பெரிதில்லை. நடுவில் இறங்கி மாறும் பயணங்களில் பெரும்பாலும் இரண்டாவது தடவையும் சோதனைக்குள் நிற்க வேண்டியிருக்கும். உடம்பில் உலோகம் உள்ளவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் ஒரே அறிவுரை இதுதான்: ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும் நேர் விமானத்தில் ஏறுங்கள். திரை ஒன்றோடு போகட்டும். அண்ணனின் யோசனையை இத்துடன் விட்டுவிடலாம்.

திருவனந்தபுரம் நேர் விமானம்: திரையைக் கடக்கும் வழிகள்

களியக்காவிளை நெரிசலைத் தாண்டி விமான நிலையம் போய்ச் சேர்ந்த பிறகு அம்மாவுக்கு முன்னால் இருப்பவை என்னென்ன?

எதுவும் சொல்லாமல் வரிசையில் போவது ஒன்று. பெரும்பாலானவர்கள் இப்படித்தான் போகிறார்கள். கருவி கத்திய பிறகு விளக்கம் சொல்லத் தொடங்கினால் அது சாக்குப் போலவே கேட்கும். சென்ற முறை நாங்கள் செய்த தவறு இதுதான். அதை அம்மாவின் தவறு என்று சொல்லமாட்டேன். கூடவே போயும் முன்கூட்டிச் சொல்லாத என் தவறு.

சக்கர நாற்காலி இன்னொன்று. டிக்கெட் எடுக்கும்போதே, குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன், விமான நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். நீண்ட வரிசையில் நிற்க வேண்டாம், விமான வாசல்வரை நடக்கவும் வேண்டாம். ஆனால் நாற்காலியில் வருகிறவர்களுக்கும் உடல் சோதனை உண்டு. 2024 தொடக்கத்தில் கொல்கத்தாவில் சக்கர நாற்காலியில் வந்த பெண்ணையே திரும்பத் திரும்ப எழுந்து நிற்கச் சொன்னது செய்தியானது. அம்மாவோ "என்னை நோயாளி ஆக்காதே" என்கிறார். காலையில் கோட்டாறு சந்தைக்குத் தானே நடந்து போய் மீன் வாங்கி வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போவதும் ஒருவகை அவமதிப்புத்தானோ என்று எனக்கும் தோன்றியது. நாற்காலியை விட்டுவிட்டோம்.

உடல் ஸ்கேனர் இருந்தால் அம்மாவின் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். பலருக்கும் இது தெரிவதில்லை. உலோக வாசலும் கைக்கருவியும் எலும்போடு பொருத்திய உலோகத்தையும் கண்டுபிடித்துக் கத்தும். உடல் ஸ்கேனர் வீசும் மில்லிமீட்டர் அலையோ துணியை ஊடுருவித் தோலில் பட்டுத் திரும்பும். தோலுக்கு அடியில் இருக்கும் மூட்டு அதற்குத் தெரியாது. நிர்வாணப் படம் தெரியுமே என்ற பயத்துக்கும் ஒரு காலத்தில் காரணம் இருந்தது. அமெரிக்காவில் அப்படிப்பட்ட எக்ஸ்ரே வகை ஸ்கேனர்களை 2013-ல் அகற்றிவிட்டார்கள். இப்போது கணினித் திரையில் தெரிவது எல்லோருக்கும் பொதுவான ஒரு பொம்மை உருவம்தான். சந்தேகமான இடத்தில் ஒரு கட்டம் விழும். புடவைக் கொசுவம் குவிந்த இடத்திலும் அந்தக் கட்டம் விழலாம் என்பதால் அம்மாவைப் போன்றவர்களுக்குச் சுடிதார் நல்லது. அம்மா சுடிதார் போடமாட்டார், அது வேறு கதை. இந்தியாவில் முக்கியமான 84 விமான நிலையங்களில் 2020 மார்ச்சுக்குள் ஸ்கேனர் வைக்க வேண்டும் என்று 2019-ல் உத்தரவு போட்டார்கள். அந்தக் கெடு தாண்டி ஆண்டுகள் ஓடிவிட்டன. ஸ்கேனர் இன்னும் பரவலாகவில்லை. ஆகவே இதை நம்பித் திட்டம் போட முடியாது.

மிச்சம் இருப்பது, நாமே முந்திக்கொண்டு சொல்வது. வாசலைக் கடக்கும் முன்பே 'இரண்டு முழங்காலிலும் உலோக மூட்டு, தனி அறையில் சோதியுங்கள், மகள் கூட இருக்கட்டும்' என்று கேட்பது. மருத்துவர் கொடுத்த கடிதமும் எக்ஸ்ரே படமும் கையில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் போய்விடக் கூடாது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: கடிதம் சோதனையில் இருந்து விலக்குத் தராது. பேச்சைத் தொடங்கிவைக்கத்தான் அது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் அதன் அட்டையைக் காட்டி, மார்பருகே கைக்கருவி வேண்டாம், கையால் சோதியுங்கள் என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே தனி அறையும் துணைக்கு ஒருவரும் கேட்பது பயணியின் உரிமை. 72 மணி நேரத்துக்கு முன் தொலைபேசியில் சொல்லி உதவியாளரையும் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

பெரியவர்களுக்கே நடந்தது

"நாம் கேட்டால் கேட்பார்களா? நாம் யார்?" என்றார் அம்மா. அதனால் பெரிய ஆட்களின் கதைகளைச் சொன்னேன்.

முன்னாள் குடியரசுத் தலைவர்களைச் சோதிக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஆனாலும் 2009 ஏப்ரலில் டெல்லியில் ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தின் ஊழியர்கள் அப்துல் கலாமைச் சோதித்தார்கள். அவர் எதுவும் சொல்லாமல் ஒத்துழைத்தார். ஜூலையில் விஷயம் வெளியே வந்து நாடாளுமன்றத்தில் கூச்சல் கிளம்பிய பிறகு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2011-ல் நியூயார்க்கில் மறுபடியும் நடந்தது. அவருடைய கோட்டையும் காலணிகளையும் வாங்கிக்கொண்டு போனார்கள். 2010 டிசம்பரில் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் விமான நிலையத்தில் அன்றைய இந்தியத் தூதர் மீரா சங்கரைப் புடவை கட்டியிருந்தபோது தனியே நிறுத்திக் கையால் தடவிச் சோதித்தார்கள். தூதர் என்று சொல்லியும் விடவில்லை.

1981-ல் திருச்சி அருகே நடந்த விபத்தில் காலை இழந்து, செயற்கைக் காலோடு மேடையேறிய நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஒவ்வொரு பயணத்திலும் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் பிரதமருக்கு வேண்டுகோள் விடுத்துக் காணொளி போட்டார். பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. 2022 மார்ச்சில் குவாஹாட்டியில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட 80 வயது மூதாட்டியின் ஆடையைக் களையச் சொன்னதாகக் குடும்பத்தார் புகார் சொன்னபோது, சோதித்த காவலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

அம்மா கடைசிக் கதையில்தான் நிமிர்ந்தார். "அந்தப் பெண் பிள்ளையின் வேலை போய்விட்டதா?" பணியிடை நீக்கம்தான் என்றேன். "புகார் கொடுத்தால் நமக்கு என்ன கிடைக்கும்? நடந்தது நடந்ததுதானே. அந்தப் பிள்ளைக்கும் வீட்டில் அம்மா இருப்பாள்." அம்மா சொன்னதில் பாதியைத்தான் நான் ஏற்கிறேன். புகார் கொடுக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். தேதி, நேரம், எந்த வரிசை என்று குறித்துக்கொண்டு அன்றே கொடுக்க வேண்டும். சென்ற முறை நான் கொடுக்காமல் வந்தது இன்னும் உறுத்துகிறது.

ஆனால் பதவியோ பெயரோ அங்கே காப்பாற்றுவதில்லை என்பது அம்மாவுக்கு விளங்கிவிட்டது. அது அவருக்கு விசித்திரமான ஒரு தெம்பைக் கொடுத்தது. கலாமையே விடவில்லை என்றால், மடக்க முடியாத தன் முழங்காலுக்கு மட்டும் வந்த கேவலம் இல்லை அது.

மொழிதான் இன்னொரு சுவர். 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், ஹிந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்ற கனிமொழியிடம் நீங்கள் இந்தியரா என்று ஒரு காவலர் கேட்டார். நாடாளுமன்ற உறுப்பினருக்கே சென்னையிலேயே அந்தக் கேள்வி என்றால், டெல்லியில் இருந்து திரும்பும்போது அம்மாவின் "ஆபரேஷன்" எடுபடாமல் போவதில் என்ன ஆச்சரியம்? உள்ளூர் மொழி தெரிந்த ஒரு பெண்ணையாவது ஒவ்வொரு வேளையிலும் திரைக்குள் நிறுத்த வேண்டும் என்பது அரசிடம் கேட்க வேண்டிய விஷயம். அக்டோபருக்குள் நடக்கப் போவதில்லை.

எடுத்த முடிவு

போவதற்குத் திருவனந்தபுரம் நேர் விமானம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பிரசவம் ரயில் நேரம் பார்த்து வராது என்பதை அம்மாவும் ஒப்புக்கொண்டார். நானும் கூடப் போகிறேன். வரிசையில் அம்மாவுக்கு முன்னால் நான். திரும்புவதற்கு இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. போகும்போது நடப்பதைப் பார்த்துவிட்டு அம்மாவே சொல்வார் என்று உடன்பாடு. "ரயில்" என்று சொன்னால் நானும் இரண்டு இரவு கூடவே வருவேன்; அவரைத் தண்ணீர் குடிக்கவைப்பேன்.

பதக்கத்தைக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாமே என்றேன். கேட்கவில்லை. ஊக்கை எடுத்துவிட்டு, ரவிக்கையில் நூலால் தைத்துவிட்டார். ஊக்கு போனாலும் பதக்கம் உலோகம்தானே, கருவி கத்துமே என்றேன்.

"கத்தட்டும். கழற்றச் சொன்னால் கழற்றவும் செய்வேன். ஆனால் முதலில் சொல்லட்டும், பிறகு தொடட்டும். அதை ஹிந்தியில் எப்படிக் கேட்பது, எழுதிக் கொடு."

தங்கையிடம் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: பெஹலே பதாயியே, ஃபிர் சூயியே. மூன்று நாளாக அடுக்களையில் மீன் அறுத்துக்கொண்டே சொல்லிப் பார்க்கிறார். 'ஃபிர்' இன்னும் 'பிர்' என்றுதான் வருகிறது.